முன்னோட்டத்தின் முன்கதை

என் தாயாருக்குச் சில ஆண்டுகளாகக் கண்பார்வை மங்கிவிட்டது. விழித்திரையில் நேர்ந்த கோளாறாதலால் கண்ணாடியால் அதனைச் சரிசெய்ய இயலவில்லை. கொல்கத்தாவின் தென்பகுதியில், லேக் மார்க்கெட்டுக்கு அருகே உள்ள எங்கள் வீட்டில், மாலை வேளைகளில் அவர் தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருப்பார். அவரைப் பொறுத்தவரை அது படம் தெரியாத பெட்டி. ஏறக்குறைய ஒரு வானொலி. ஆயினும் புதிய திரைப்படம் ஒன்றின் முன்னோட்டம் தொடங்கிய மூன்றாம் வினாடியிலேயே, "என்னப்பா, புதுப் படம் ஏதோ வருது போலிருக்கே?" என்று கேட்டுவிடுவார். படத்தின் பெயர் வருமுன்னரே, இது பேய்க் கதை, இது சண்டைக் கதை, இது குடும்பக் கதை என்று வகைபிரித்தும் சொல்லிவிடுவார். அநேகமாக அது தவறுவதில்லை.

பார்வையற்ற ஒருவர் கேட்ட மாத்திரத்தில் கண்டுகொள்ளும்படி அந்த முப்பது வினாடிகளுக்குள் என்ன வைக்கப்பட்டிருக்கிறது? இந்தக் கேள்வியே என்னை இக்கட்டுரைக்குள் இழுத்துவந்தது. விடையைத் தேடிப் போனபோது, கதையின் முக்கியமானதொரு பகுதி எங்கள் வீட்டிலிருந்து சிறிது தொலைவிலேயே, டாலிகஞ்ச் பகுதியின் பழைய படப்பிடிப்பு நிலையங்களில் நடந்திருப்பதைக் கண்டு வியந்தேன். அக்கதையில் தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு.

வரப்போவதை முன்கூட்டிச் சொல்லி ஆவலைத் தூண்டும் கலை நமக்குப் புதிதன்று. தெருக்கூத்தில் கட்டியங்காரன் முன்வந்து, இன்னார் வருகிறார், இன்னது நடக்கப்போகிறது என்று சொல்லி, ஆனால் முழுவதையும் சொல்லிவிடாமல், திரைக்குப் பின்னால் நிற்கும் வேடதாரியின் சலங்கை ஒலியை மட்டும் நம் காதில் விழச் செய்து விலகுவான். பேசாப்படக் காலத்திலும் பேசும்படத்தின் தொடக்கக் காலத்திலும் நம் ஊர்களில் மாட்டு வண்டியின் இருபுறமும் படத் தட்டிகளைக் கட்டி, மேளம் அடித்துக்கொண்டு, வண்ணத் துண்டுத் தாள்களை வீசிச் செல்வார்கள். பிள்ளைகள் வண்டியின் பின்னால் ஓடுவார்கள். மேளச் சத்தமே அவர்களை வீட்டிலிருந்து வெளியே இழுத்தது. தட்டியில் இருந்த படத்தை அவர்கள் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

அமெரிக்காவில் 1913ஆம் ஆண்டில் நில்ஸ் கிரான்லண்ட் என்னும் விளம்பர நிர்வாகி, நியூயார்க்கில் நடைபெறவிருந்த ஓர் இசை நாடகத்துக்காகச் சிறு படத்துண்டு ஒன்றைத் தயாரித்துத் திரையரங்குகளில் காட்டினார். திரைப்பட முன்னோட்டத்தின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவதே வழக்கம். படம் முடிந்த பின் அதன் வாலில் ஒட்டிக்கொண்டு வந்ததனால் 'டிரெயிலர்', அதாவது பின்னால் இழுபட்டு வருவது, என்ற பெயர் அதற்கு அமைந்தது. பிறகு அது படத்துக்கு முன்னால் இடம் மாறியது. பெயர் மட்டும் பின்னாலேயே நின்றுவிட்டது. நாமோ 'முன்னோட்டம்' என்று பெயரிட்டோம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, மூலச் சொல்லைவிட மொழிபெயர்ப்பு பொருத்தமாக அமைந்துவிட்ட இந்த அரிய நிகழ்ச்சி சிறிது பெருமையைத் தருவதுண்டு.

இனிக் கல்கத்தாவுக்கு வருவோம். நகரின் பெயர் 2001ஆம் ஆண்டில்தான் கொல்கத்தா என மாற்றப்பெற்றது. ஆதலின் பழைய செய்திகளுக்குப் பழைய பெயரையே வழங்குகிறேன். 1929ஆம் ஆண்டில் மதன் தியேட்டர்ஸ் நிறுவனத்தார் தங்கள் எல்பின்ஸ்டன் பிக்சர் பேலஸ் அரங்கில் 'மெலடி ஆஃப் லவ்' என்ற அமெரிக்கப் பேசும்படத்தைத் திரையிட்டனர். 1931 ஏப்ரலில் முதல் வங்காளப் பேசும்படமாகிய 'ஜமாய் சஷ்டி' வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் 'காளிதாஸ்' வெளியாயிற்று. தமிழ்த் திரை பேசத் தொடங்கியது. பேசியதைவிடப் பாடியதே அதிகம்.

அந்நாளில் நடிப்பவரே பாட வேண்டும். பாடும்போதே படம் எடுக்கப்பெறும். ஒலிவாங்கிக் கருவியைச் செடிக்குள் ஒளித்து வைப்பார்கள். ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் காமிராவின் கண்ணுக்குத் தப்பி, மரத்தின் பின்னாலோ மேடையின் ஓரத்திலோ குந்தியிருந்து வாசிப்பார்கள். ஒரு காக்கை கரைந்தால் எல்லாம் வீண். படம் ஒலியோடு கட்டப்பட்டிருந்தது. ஒலி படத்தோடு கட்டப்பட்டிருந்தது. பாட்டின் நடுவே படத்தை வெட்டினால் பாட்டும் சேர்ந்து அறுந்துபோகும். ஆகவே பாட்டு முடியும்வரை நடிகர் ஒரே இடத்தில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. பழைய படங்களைக் காணும் இன்றைய பிள்ளைகள், 'ஏன் இவர்கள் அசையாமல் நின்று பாடுகிறார்கள்?' என்று சிரிக்கிறார்கள். காரணம் நடிகரின் சோம்பல் அன்று, கருவியின் கட்டு.

அந்தக் கட்டு அவிழ்ந்த இடம் டாலிகஞ்ச். பி. என். சர்க்கார் 1931இல் நிறுவிய நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில், 1935ஆம் ஆண்டில், இயக்குநர் நிதின் போஸ் 'பாக்ய சக்ரா' என்ற வங்காளப் படத்தையும் அதன் இந்தி வடிவத்தையும் உருவாக்கினார். அவருடைய தம்பி முகுல் போஸ் ஒலிப்பதிவாளர். ராய்சந்த் போரால் இசையமைப்பாளர். பாட்டை முன்கூட்டியே தனியாகப் பதிவு செய்து, பிறகு அதனை ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப நடிகர்கள் வாயசைக்கப் படம் பிடித்தார்கள். பின்னணிப் பாட்டு முறையாகப் பயன்பட்ட முதல் இந்தியப் படம் என்று பொதுவாக மதிக்கப்பெறுவது இதுவே.

பாடத் தெரியாதவரும் பாட்டுக் காட்சியில் நடிக்கலாம் என்பதே இதன் பயன் என நாம் எண்ணுகிறோம். அது சிறு பயன். பெரிய பயன் வேறு. ஒலி வேறு, படம் வேறு என்று ஆகிவிட்டது. ஒலி அறுபடாமல் ஓடிக்கொண்டிருக்க, படத்தை விரும்பிய இடத்தில் வெட்டலாம். ஒரே பாட்டுக்குள் ஆற்றங்கரையையும் அரண்மனையையும் அடுத்தடுத்து வைக்கலாம். ஒருவர் முகத்தின்மீது மற்றொருவர் குரலை ஏற்றலாம். இன்று நாம் காணும் தொலைக்காட்சி முன்னோட்டம் முழுவதும் இந்த ஒரு பிரிவினையின்மேல் எழுந்த கட்டடம் என்று கூறுவது மிகையாகாது.

தமிழரின் பங்கு யாது எனில், சென்னையில் ஒலிப்பதிவு வசதி போதிய அளவு வளராத அக்காலத்தில் நம் படங்கள் பல கல்கத்தாவில்தான் உருவாயின. சாமிக்கண்ணு வின்சென்ட் தயாரித்த 'வள்ளி திருமணம்' 1933இல் இங்குள்ள பயோனீர் நிலையத்தின் துணைகொண்டு வந்தது. 1935இல் ஏ. வி. மெய்யப்பன் தம் முதல் படமாகிய 'அல்லி அர்ஜுனா'வை இங்கே எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'சிந்தாமணி'யும், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'யும் 1937இல் கல்கத்தாவின் படப்பிடிப்பு நிலையங்களிலிருந்து வெளிவந்தவை. நடிகர், பாடகர், பக்கவாத்தியக்காரர், சமையற்காரர் என ஒரு குடும்பமே சென்னையிலிருந்து ரயிலேறி வந்து, மாதக்கணக்கில் இங்கே தங்கிப் படம் முடித்துத் திரும்பும். அதே மெய்யப்பன் 1938இல் 'நந்தகுமார்' படத்தில் நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கடராமனைப் பாடவைத்தார். தமிழ்த் திரையில் பின்னணிக் குரல் புகுந்த நேரம் அது. வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர், நம் கலை நம் ஊரில் மட்டுமே விளைந்தது என்று எண்ணி ஏங்குவதுண்டு. டாலிகஞ்ச் பக்கம் செல்லும்போது எனக்கு அந்த ஏக்கம் சற்றுக் குறைகிறது.

படத்தை வெட்டி ஒட்டுவதன் வலிமையை வேறொரு நாட்டார் முன்னரே ஆராய்ந்திருந்தனர். ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்பார், சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன், ஒரே நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை எடுத்து, அதன் அருகே ஒருமுறை உணவுக் கிண்ணத்தையும் ஒருமுறை சவப்பெட்டியையும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் முதலில் பசியையும் பின்பு துயரத்தையும் அந்த முகத்தில் கண்டதாகச் சொன்னார்கள். முகம் மாறவில்லை, அண்டை வீடு மாறியது. பேசும்படம் வந்த பிறகு, படத்துக்கு அண்டைப் படம் மட்டுமல்லாமல், மேலே ஏற்றும் ஒலியும் பொருள் தரத் தொடங்கிற்று.

இதற்கு நான் கண்ட மிக உயர்ந்த சான்று இந்நகரத்திலேயே பிறந்தது. 1955இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'பாதேர் பாஞ்சாலி'யில், நெடுநாள் வெளியூரில் இருந்த தந்தை வீடு திரும்புகிறார். மகள் துர்கா இறந்துவிட்டது அவருக்குத் தெரியாது. அவளுக்காக வாங்கிவந்த சேலையை எடுத்து மனைவியிடம் நீட்டுகிறார். அந்தத் தாய் சேலையைப் பற்றிக்கொண்டு வாய்விட்டு அலறுகிறாள். ஆனால் அவளுடைய குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் 'தார் ஷெனாய்' என்னும் நரம்புக் கருவி உச்ச ஸ்தாயியில் ஒலிக்கிறது. இசை ரவிசங்கர், படத்தொகுப்பு துலால் தத்தா. இயல்பான ஒலியை நீக்கி அங்கே வேறோர் ஒலியை வைத்தார்கள். துயரம் குறையவில்லை, பன்மடங்காயிற்று. அழுகையைக் கேட்டிருந்தால் அது அந்த ஒரு தாயின் அழுகையாக நின்றிருக்கும். நீக்குவதும் ஏற்றுவதும் ஒரு கைவினை. அதே கைவினை வேறு கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

தொலைக்காட்சி வருமுன் நம்மவருக்குச் செவிப்பயிற்சி அளித்தது வானொலி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிபரப்பான 'ஒலிச்சித்திரம்' நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். இரண்டரை மணி நேரத் திரைப்படத்தின் ஒலியை மட்டும் எடுத்து, சுமார் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கித் தருவார்கள். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. கதவு திறக்கும் ஓசை, காலடி, நெடிய மௌனம், திடுமென ஒரு வீணை நாதம். இவற்றைக்கொண்டே முழுப் படத்தையும் மனத்துக்குள் பார்த்துவிடுவோம். பிற்பாடு அதே படத்தைத் திரையில் கண்டபோது, மனத்தில் கண்டதைவிட அது சிறியதாக இருந்தது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது முதலியோரின் குரல்களுக்காகவே என் தந்தையார் காத்திருப்பாராம். ஒரு வசனம் பாதியில் நிற்கும். அறிவிப்பாளர் ஒரு கேள்வியைப் போடுவார். விடையாக ஒரு பாட்டின் முதலடி எழும். இன்றைய முன்னோட்டத்தின் இலக்கணம் அங்கே முழுமையாக இருக்கிறது. படந்தான் இல்லை.

கொல்கத்தாவாசிகளின் செவி எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மகாளய அமாவாசையன்று விடியுமுன், நான்கு மணிக்கு, இந்நகரின் வீடுகளிலெல்லாம் 'மகிஷாசுரமர்த்தினி' வானொலியில் ஒலிக்கும். 1930களின் தொடக்கத்தில் பிறந்த நிகழ்ச்சி அது. எழுதியவர் வாணிகுமார், இசை பங்கஜ் மல்லிக், சண்டி பாராயணம் வீரேந்திர கிருஷ்ண பத்ரா. 1976ஆம் ஆண்டில் நிலையத்தார் ஒரு புதுமை செய்ய எண்ணி, திரையுலகின் மாபெரும் நாயகர் உத்தம் குமாரின் குரலில் வேறொரு நிகழ்ச்சியை ஒலிபரப்பினார்கள். அவர்மீது உயிரையே வைத்திருந்த மக்கள் அன்று கொதித்தெழுந்தார்கள். பழைய குரலே மீண்டும் வந்தது. இன்றும் வருகிறது, பத்ரா 1991இல் மறைந்துவிட்டார். முகத்தைக் கண்டு மயங்கும் மக்கள் குரலில் மயங்க மறுத்துவிட்டார்கள். இன்று பூஜைக்கால விளம்பரங்கள் பலவற்றின் தொடக்கத்தில் ஒரு சங்கொலியும் டாக் மேளமும் கேட்பதும், அந்த விடியற்காலையை நினைவூட்டுவதற்கே என்று நான் கருதுகிறேன்.

கல்கத்தாத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 9ஆம் நாள் தொடங்கப்பெற்றது. ஆறு நாட்கள் கழித்து, ஆகஸ்டு 15இல், சென்னை நிலையம். கல்கத்தா நிலையத்தின் முதல் இருப்பிடம் டாலிகஞ்சின் பழைய ராதா பிலிம் ஸ்டூடியோ என்பது குறிப்பிடத்தக்கது. திரைப்படக் கூடத்திலேயே தொலைக்காட்சி பிறந்தது. 1976 சனவரி முதல் நாளிலிருந்து தொலைக்காட்சியில் வணிக விளம்பரம் அனுமதிக்கப்பெற்றது. இந்த இரு நிலையங்களும் தொடங்கிய அதே 1975இல், ஜூன் மாதம், அமெரிக்காவில் 'ஜாஸ்' என்னும் சுறாமீன் படம் வெளிவந்தது. வெளியீட்டை ஒட்டிய சில இரவுகளில் மட்டும் தொலைக்காட்சி முன்னோட்டங்களுக்காக ஏறக்குறைய 7 லட்சம் டாலர் செலவிட்டார்கள் என்பர். அதுவரை படவுலகத்தார் தொலைக்காட்சியைப் பகைவனாக எண்ணியிருந்தனர். அன்றுமுதல் அது தரகனாயிற்று. அந்தப் படத்தில் சுறாமீன் நெடுநேரம் கண்ணில் படுவதே இல்லை. ஜான் வில்லியம்ஸ் அமைத்த இரண்டே ஸ்வரங்கள், முதலில் மெதுவாகவும் பிறகு விரைவாகவும் மாறிமாறி ஒலித்து, மீன் வருவதைச் சொல்லிவிடும்.

திரையரங்கில் இருட்டு உண்டு. வேறு வேலையின்றி எல்லாரும் ஒரே திசையில் பார்க்கிறார்கள். வீட்டிலோ ஒருவர் கறி அரிந்துகொண்டிருப்பார். ஒருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பார். பிள்ளை பாடம் எழுதும். கண்ணை மூடிக்கொள்ளலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். காதுக்கு இமை இல்லை. மேலும் மனிதர் ஒளியைக் கண்டு அசைவதைவிட ஒலியைக் கேட்டு அசைவது சற்று விரைவு என்று உடலியலார் அளந்திருக்கின்றனர். முன்னதற்கு ஏறக்குறைய 0.2 வினாடி, பின்னதற்கு ஏறக்குறைய 0.15 வினாடி. தொலைக்காட்சி முன்னோட்டம் தயாரிப்பவர் ஆகவே முதலில் காதைப் பிடித்து இழுத்து, பிறகே கண்ணுக்கு விருந்து வைக்கிறார். நம் நாட்டில் விளம்பர நேரம் பத்துப்பத்து வினாடிகளாக விலை பேசப்படுகிறது. இரண்டரை நிமிட முன்னோட்டம் முப்பது வினாடியாகவும், பிறகு பத்து வினாடியாகவும் கழிக்கப்படும்போது கதை போய்விடும். நடிகரின் முகம், ஒரு வசனம், ஓர் இடி முழக்கம் ஆகியவை மட்டும் எஞ்சும்.

அந்த இடி முழக்கத்தை எப்படிக் கட்டுகிறார்கள்? நமக்குத் தெரிந்த ஒன்றைக்கொண்டே சொல்லலாம். திருமணப் பந்தலில் நாதசுரக்காரர் மெல்ல வாசித்துக்கொண்டிருக்கிறார். பேச்சும் சிரிப்பும் நடக்கின்றன. முகூர்த்தம் நெருங்குகிறது. புரோகிதர் விரலை உயர்த்தி, "கெட்டிமேளம்!" என்கிறார். தவில் இரண்டும் உச்ச வேகத்தில் முழங்க, நாதசுரம் மேலே ஏற, பேசிக்கொண்டிருந்தவரெல்லாம் திரும்பிப் பார்க்க, தாலி ஏறுகிறது. மேளம் சட்டென நிற்கிறது. முன்னோட்டத்திலும் முதலில் அடிநாதமாக ஒரு தாழ்ந்த ஒலி நீளும். அதன்மேல் வசனங்கள் இடைவெளி விட்டு வரும். பிறகு சுருதி படிப்படியாக ஏறும் ஓர் ஒலி புகும்; அது எங்கே போய் முடியும் என்று மனம் தவிக்கும். இதற்குள் படத்துண்டுகள் சுருங்கிக்கொண்டே வரும்: முதலில் மூன்று வினாடிக்கு ஒன்று, பிறகு ஒரு வினாடிக்கு ஒன்று, கடைசியில் ஒரு வினாடிக்கு மூன்று நான்கு. ஒவ்வொரு வெட்டும் தாளத்தின் அடியில் விழும். உச்சியில் எல்லாம் அறுந்து, திரை கறுத்து, அரை வினாடி மௌனம். அந்த மௌனத்தில் ஒரு மெல்லிய குரல், அல்லது ஒரு குழந்தையின் சிரிப்பு. உடனே பேரொலியோடு படத்தின் பெயர். மிருதங்க வித்துவான் கோர்வையைச் சுருக்கிச் சுருக்கிச் சமத்தில் கொண்டுவந்து வைப்பதை அறிந்த செவிக்கு இதில் அந்நியம் ஏதுமில்லை. முப்பது வினாடியில் மிக விலையுயர்ந்தது அந்த அரை வினாடி மௌனமே என்பது என் கருத்து.

படத்தைவிட ஒலியை முந்தவிடும் உத்தி ஒன்றும் உண்டு. திரையில் திருமண வீடு தெரிகிறது. ஆனால் நம் காதில் ரயிலின் கூவல் கேட்கத் தொடங்குகிறது. மறுகணம் ரயில் நிலையம் தோன்றுகிறது. பிரிவு வரப்போவதைக் காது முன்னமே அறிந்துகொள்வதால், மணப்பெண்ணின் புன்னகை நமக்கு உள்ளதைவிடத் துயரமாகத் தெரிகிறது. குலெஷோவின் முகந்தான், அண்டை வீட்டின் வேலையை இங்கே ரயில் செய்கிறது.

தமிழில் இத்தகைய வெட்டுக்கு ஒரு தனி வசதி இருப்பதை என் அலுவலில் கண்டேன். நான் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளன். பொதுநல அறிவிப்புப் படங்களின் தமிழ்ச் சொற்களைச் சரிபார்க்கும் வேலை எப்போதாவது வரும். ஆங்கிலத்தில் வினை முன்னரே வந்துவிடும். செய்தானா இல்லையா என்பது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே தெரிந்துபோகும். தமிழில் எல்லாம் கடைசிச் சொல்லில் இருக்கிறது. 'அந்தப் பிள்ளையை நான்…' என்று நிறுத்தினால், காப்பாற்றினேனா, கொன்றேனா, மறந்தேனா, மன்னிக்கமாட்டேனா, எதுவும் தெரியாது. செய்தவர், காலம், உடன்பாடு, எதிர்மறை அனைத்தும் அந்த ஒரு வினைமுற்றில் அடைபட்டுக் கிடக்கின்றன. அதற்கு முன்னால் கத்தரிக்கோலை வைத்தால் போதும். வேற்றுமொழி முன்னோட்டத்தைத் தமிழாக்கும்போது அங்கே வெட்டப்பட்ட இடம் இங்கே பொருந்தாமல் போவதும், நடிகரின் வாய் மூடிய பிறகும் நம் வினைமுற்று முடியாமல் தொங்குவதும் இதனாலேயே. ஒருமுறை முப்பது வினாடி அறிவிப்பு ஒன்றுக்கு நான் எழுதிய தமிழ் நாற்பத்தொரு வினாடி ஓடிற்று. வெட்டச் சொன்னார்கள். எதை வெட்டினேன் என்றால், மரியாதையை; 'கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' என்பதைக் 'கேளுங்கள்' ஆக்கினேன். அறிவிப்பு நன்றாகிவிட்டது.

ஒலியின் அளவைப் பற்றியும் ஒரு சொல். நிகழ்ச்சியின்போது சரியாக இருந்த ஒலி விளம்பரம் வந்ததும் வீட்டை அதிரவைப்பதாகத் தோன்றுவது மனப்பிரமை அன்று. மெல்லிய பகுதிகளை உயர்த்தி, உரத்த பகுதிகளின் உச்சியைச் சற்று அடக்கி, எல்லாவற்றையும் ஒரே மேட்டில் நிறுத்திவிடுகிறார்கள். உச்ச அளவு வரம்பைத் தாண்டாது; சராசரி ஏறிவிடும். காது சராசரியையே கேட்கிறது. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில், விளம்பரத்தின் படமும் ஒலியும் மிகையாக 'உரத்து' இருத்தல் கூடாது என்ற பொருளில் ஒரு விதி இருக்கிறது. மூலத்தில் படத்துக்கும் ஒலிக்கும் ஒரே சொல். ஒலி உரத்திருக்கலாம், படம் எப்படி உரத்திருக்கும்? கண்ணைப் பறிக்கும் நிறத்தைச் சொல்கிறார்கள். தமிழில் இரண்டுக்கும் பொதுவான ஒரு சொல்லை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

1990களில் செயற்கைக்கோள் வழியே தமிழ் அலைவரிசைகள் கொல்கத்தாவை எட்டின. அதன் பின்னர் வெளிமாநிலத் தமிழ் வீடுகளில் தீபாவளியும் பொங்கலும் ஒரு புது வகையில் வரலாயின. பண்டிகைக்கு இரு வாரங்களுக்கு முன்பே, 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக' என்ற கம்பீரக் குரலோடு சிறப்புத் திரைப்படத்தின் முன்னோட்டம் நாளுக்குப் பலமுறை ஒலிக்கும். இங்கே வெளியில் காளிபூஜைக்கான விளக்கு வரிசை. உள்ளே அந்தக் குரல். எங்கள் வீட்டில் தீபாவளி வந்ததை அறிவிப்பது, எண்ணெய்ச் சட்டியின் மணத்துக்கு முன்னால், அந்தக் குரலே.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய முன்னோட்டம் ஒன்றில் ஒரு தாயின் கதறல் கேட்டது. திரையில் இளைஞன் ஒருவன் ரயிலேறிப் போகிறான். அவன் முகத்தின்மேல் அந்தக் கதறல். வயலின் ஒன்று கூடவே ஏறியது. என் தாயார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊரை விட்டு வேலைக்காக வந்த பிள்ளைகளின் தாய்மாருக்கு அந்தக் காட்சியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. இரு வாரங்கள் அந்தக் கதறலை நாள்தோறும் கேட்டார். தீபாவளியன்று, மூன்று மணி நேரப் படத்தை, விளம்பரங்களோடு ஏறக்குறைய நான்கரை மணி நேரம், எழாமல் அமர்ந்து கேட்டார். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. "அந்த அம்மா அழுவாளே, அது எப்போ வரும்?" என்று கேட்டார். அது முன்னமே வந்து போய்விட்டது. நாடக ஒத்திகைக் காட்சி ஒன்றில், நகைச்சுவை நடிகை ஒருவர் பொய்யாக அழுது காட்டும் கதறல் அது. ரயிலேறும் இளைஞனுக்கும் அதற்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. அந்த ரயில் காட்சியில் படத்தில் ஒலித்தது ஒரு சண்டைப் பாட்டு. பார்வை உள்ளவனாதலால் நான் இதைக் கண்டுகொண்டேன். அவர் சிரிப்பொலியின் நடுவே அந்த அழுகையை அடையாளம் கண்டிருக்க முடியாது. என்ன சொல்வதென்று தெரியாமல், அதை வெட்டிவிட்டார்கள் அம்மா என்று சொல்லிவைத்தேன்.

'பாதேர் பாஞ்சாலி'யில் தாயின் குரலை நீக்கினார்கள். இங்கே தாயின் குரலை ஏற்றினார்கள். கருவி ஒன்றே, வெட்டும் முறை ஒன்றே.

இத்தகைய ஏமாற்றம் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. 2016இல் வெளிவந்த 'ஃபேன்' என்னும் இந்திப் படத்தின் முன்னோட்டத்தில் இடம்பெற்ற பாட்டு படத்தில் இல்லை. குடும்பத்தோடு சென்று பார்த்த பள்ளி ஆசிரியை ஒருவர் நுகர்வோர் மன்றத்தை நாடினார். மாவட்ட மன்றம் தள்ளுபடி செய்தது; மாநில ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் செலவும் வழங்க ஆணையிட்டது; தேசிய ஆணையம் அதனை உறுதி செய்தது. ஆனால் 2024 ஏப்ரல் 22ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்த ஆணைகளை நீக்கிவிட்டது. முன்னோட்டம் என்பது ஒருதலையாகச் செய்யப்பெறும் விளம்பரம். அது சீட்டு வாங்கத் தூண்டுவதற்காகவே உள்ளது. அதனை வாக்குறுதியாகவோ ஒப்பந்தத்துக்கான முன்மொழிவாகவோ கொள்ள இயலாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டத்தின் நோக்கில் இதில் குறைகாண எனக்குத் தகுதியில்லை. கட்டியங்காரன் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் கூத்து முழுவதையும் பொறுப்பாக்கினால் எந்தக் கலைஞனும் வாய் திறக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கூத்தில் கட்டியங்காரன், அல்லி வருகிறாள் என்றால் அல்லிதான் வந்தாள். திரைக்குப் பின்னால் கேட்ட சலங்கை அவளுடைய சலங்கையாகவே இருந்தது.

அந்தத் தீபாவளியன்று நான் சொன்ன பொய் நெடுநாள் நிற்கவில்லை. படத்தை மறுமுறை ஒளிபரப்பியபோது என் மகள் பாட்டியிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். என் தாயார் கோபிக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்தார். முன்னோட்டம் கேட்பதை அவர் விட்டுவிடவும் இல்லை. இப்போதும் மூன்றாம் வினாடியில் புதுப் படம் வந்திருப்பதை அறிந்துவிடுகிறார். ஆனால் யாரேனும் அழுதாலும் சிரித்தாலும் சபதம் செய்தாலும், பேத்தியின் கையைத் தொட்டு, "யார் பேசறா? வாய் அசையுதா, பார்த்துச் சொல்லு" என்று கேட்கிறார்.